150 கிலோமீட்டர் வேலி

பெங்களூரின் சந்தாபுரா சர்க்கிளில் நின்று, தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. வான்வழியில் அளந்தால் சுமார் 45 கி.மீ. சில்க் போர்டு, ஹெப்பாள் என்று ஊரைக் குறுக்கே கடந்து போனால் 60ஐத் தொடும். நெரிசல் நேரத்தில் அந்த 60க்கும் அர்த்தமில்லை, மணிக்கணக்குதான் பேசும்.

   

 வான்வழித் தூரத்தை வைத்தே ஓசூர் விமான நிலையத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு.

ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர் என்பதால் சந்தாபுரா பக்கமும் பேச்சு சூடுபிடித்தது. "அது வேற ஸ்டேட், பெங்களூர்க்காரங்க எப்படித் தடுப்பாங்க?" என்பது பலரும் கேட்கும் கேள்வி.

மாநில எல்லைக்கும் இந்தத் தடைக்கும் சம்பந்தமே இல்லை. 2004இல் பெங்களூரு விமான நிலைய நிறுவனம் ஒப்பந்தம் போட்டது மத்திய அரசோடு. அதன்படி நிலையம் திறந்ததிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, வான்வழியில் 150 கி.மீ.க்குள் போட்டி விமான நிலையம் வரக் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. திறந்தது 2008 மே மாதம். ஆக, வேலி 2033 வரை. வான்வழியில் ஓசூர் இருப்பதோ 50 கி.மீ. சொச்சத்தில். சாலையைச் சுற்றி வளைத்து 150 காட்டினாலும் செல்லாது.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உண்டு: 150 கி.மீ.க்குள் இரண்டு விமான நிலையம் இந்தியாவில் எங்குமே கூடாது என்பது. அதுவும் தப்பு. மத்திய அரசின் 2008ஆம் ஆண்டுக் கொள்கை அந்தத் தூரத்துக்குள் வரும் புதிய நிலையங்களைத் தனித்தனியாகப் பரிசீலிக்கச் சொல்கிறதே தவிர, கதவை அடைக்கவில்லை. மும்பைக்குப் பக்கத்தில் நவி மும்பையும், டெல்லிக்குப் பக்கத்தில் ஜேவரும் எழும்பியது அப்படித்தான். ஓசூருக்கு முன்னால் இருப்பது கையெழுத்தான ஒப்பந்தம். அது முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பெங்களூரு நிறுவனத்தை இசைய வைக்க வேண்டும். நிலம் எடுத்து, ஓடுதளம் போட்டு முடிக்கவே எப்படியும் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், 2033 அவ்வளவு தொலைவிலும் இல்லை.