அக்காவின் நோட்டு

மும்பை தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தமிழ் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறார். மாதச் சம்பளம் இல்லை. கூப்பிட்டால்தான் வேலை.

ஒரு கம்பெனி கூலி பாக்கி வைத்தது. "எந்தத் தேதியில் வந்து பேசினீர்கள்?" என்று கேட்டார்கள். அக்காவுக்கு நினைவில்லை. பணம் போனது.

இப்போது நோட்டில் எழுதுகிறார்.

12-ம் தேதி. சோப்பு விளம்பரம். பேசிய கூலி 2,000 ரூபாய். வந்தது 500. பாக்கி 1,500.

கூப்பிட்டவர் பெயர், போன் நம்பரும் உண்டு. விளம்பரம் ரேடியோவிலா, டிவியிலா? அதையும் முதலிலேயே கேட்டு எழுதுகிறார். டிவி என்றால் கூலி கூடக் கேட்கலாம் அல்லவா!

"பிறகு சொல்கிறோம்" என்பவர்களுக்குத் தனிப் பக்கம். மறுபடி பேச வேண்டிய நாளும் அதில் இருக்கும். எனக்குப் பிடித்தது இந்தப் பக்கம்தான். அடுத்த வேலை அங்கிருந்துதான் வருகிறது.

உங்களுக்கு யார் பாக்கி தர வேண்டும்? தேதியோடு எழுதிப் பாருங்கள்.