சினைப்பை நீர்க்கட்டி நோயும் இருவகை வைத்தியமும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. பட்டு நெசவு அதன் வாழ்வு. நெய்த துணியில் சுருக்கம் தோன்றினால், தொழிலறியாதவன் அச்சுருக்கத்தையே நீவி நிமிர்த்த முயல்வான். கைதேர்ந்த நெசவாளரோ பாவின் இழுவை எவ்விடத்தில் தளர்ந்தது என்று நோக்குவார். ஈண்டு நாம் ஆராயப் புகும் நோயும் அத்தன்மையதே. கோளாறு காணப்படும் இடம் ஒன்று. அது பிறக்கும் இடம் பிறிதொன்று.

மேனாட்டு வைத்தியர் 'பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்' என்று வழங்கும் இந்நோயை நம்மவர் 'சினைப்பை நீர்க்கட்டி' என்பர். நெசவாளர் இல்லங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஒருங்கே செவிப்படும் பெயர் இது. ஆயினும் பிள்ளைப்பேற்றைப் பற்றிய பேச்சு எழும்போதுதான் இப்பெயரும் எழுகின்றது. மணமாகாத பெண்ணுக்கு இந்நோய் உண்டென்று தெரிந்தால் வீட்டார் அதனை மறைப்பர். மணமான பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டால் அதனை மறப்பர். மறைத்தல், மறத்தல் ஆகிய இவ்விரண்டாலும் விளையும் கேடு நோயினால் விளையும் கேட்டினும் சிறிதன்று.

1935ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து வைத்தியர்களாகிய ஸ்டைன், லெவந்தால் என்னும் இருவர், மாதவிலக்கு ஒழுங்காக வாராத ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அப்பெண்களின் சினைப்பைகள் பருத்துச் சிறு சிறு நீர்ப்பைகள் நிறைந்திருந்தன. சினைப்பையில் ஒரு கூற்றை அறுத்தெடுத்தபின் எழுவர்க்கும் மாதவிலக்கு மீண்டது, இருவர் கருவுற்றனர். இதனால் நோய் சினைப்பையினிடத்தே உள்ளது என்னும் எண்ணம் நெடுங்காலம் வேரூன்றி நின்றது. பெயரும் அவ்வெண்ணத்தை ஒட்டியே அமைந்தது. உண்மையில் அந்நீர்ப்பைகள் கட்டிகளே அல்ல; முதிர்ந்து வெடிக்க வேண்டிய கருமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிட்டவை. 'கட்டி' என்னும் சொல்லைக் கேட்டு அஞ்சி, அதனை அறுத்தெறியுமாறு வேண்டும் தாய்மார் பலர். அச்சொல் செய்த தீமைக்கு அளவில்லை.

கருமுட்டைகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் யாது? நோயுற்றார் பலரிடத்தில், கணையத்திற் சுரக்கும் இன்ஸுலினுக்கு உடல் செவ்வனே செவிசாய்ப்பதில்லை. ஆகவே கணையம் மிகுதியாகச் சுரக்கின்றது. மிகுந்த இன்ஸுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்தன்மைக்குரிய ஹார்மோன்களை அளவுக்கு மேல் உண்டாக்குகின்றது. முகத்தில் மயிர் தோன்றுதல், பருக்கள், தலைமயிர் உதிர்தல், கழுத்தின் பின்புறத்தே தோல் கறுத்துத் தடித்தல் ஆகியவை இதனால் வருவன. உடல் பருத்தவர்க்கு இது மிகும்; மெலிந்தவர்க்கும் வருதல் உண்டு. கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் கருப்பையின் உட்படலம் கழியாமல் தடித்துக்கொண்டே போகின்றது. மூன்று மாதத்துக்கு மேலும் மாதவிலக்கு வாராதிருப்பின் வைத்தியரைக் காண வேண்டும் என்று கூறுவது இதுபற்றியே. இந்நிலை பல ஆண்டு நீடித்தால் அப்படலத்தில் புற்றுநோய் தோன்றும் அபாயம் கூடும்.

நம் மாணவியர்க்கு ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. 2003ஆம் ஆண்டில் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர், ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றனுள் இரண்டு இருப்பின் இந்நோய் என்று கொள்ளலாம் என வகுத்தனர். பிற நோய்கள் இல்லையென முன்னரே தெளிதல் வேண்டும். ஆனால் பூப்பெய்தி எட்டாண்டு நிரம்பாத பெண்ணின் சினைப்பையில் இத்தகைய சிறு பைகள் இயல்பாகவே பலவாக இருக்கும். ஆதலின் அவ்வயதினர்க்கு ஸ்கேன் படத்தைக் கொண்டு இந்நோயைத் துணிதல் கூடாதென்று 2018, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அனைத்துலக நெறிமுறைகள் கூறுகின்றன. பதின்மூன்று வயதிற் பூப்பெய்தியவளுக்கு எட்டாண்டு நிரம்புவது இருபத்தொன்றில். ஒரு படத்தைப் பார்த்து, 'உனக்குக் குழந்தை பிறப்பது அரிது' என்று பதினெட்டு வயதுப் பெண்ணிடம் சொல்லி அவளை அழவைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. அளவுகோல் மாறினால் எண்ணிக்கையும் மாறும் என்பதற்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் நடந்து 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வே சான்று. 18 முதல் 40 வயதுவரை உள்ள 9,824 பெண்களை ஆராய்ந்ததில், பழைய 1990ஆம் ஆண்டு அளவுகோலின்படி நூற்றுக்கு 7.2 பேருக்கும், ராட்டர்டாம் அளவுகோலின்படி 19.6 பேருக்கும் இந்நோய் இருந்தது.

இனி வைத்தியம். முதற்கண் தைராய்டு, புரோலாக்டின் ஆகியவற்றின் கோளாறு உண்டா என்று இரத்தத்தைச் சோதிப்பர். பின்னர் உணவும் உடலுழைப்பும். வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் குறையாத விரைநடை போன்ற பயிற்சி வேண்டும். இன்ன உணவே உயர்ந்தது என்பதற்கு ஆதாரமில்லை. உண்ணும் அளவே முதன்மையானது. பருத்த உடலினர் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலும் பலருக்கு மாதவிலக்கு சீர்ப்படுகின்றது. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் மயிர் வளர்ச்சியைத் தணிக்கவும் ஹார்மோன் மாத்திரைகள் உள்ளன. மயிர் குறைவதைக் காண ஆறு மாதமேனும் பொறுத்தல் வேண்டும். இன்ஸுலினுக்கு உடல் செவ்வனே செவிசாயாமைக்கு மெட்பார்மின் தருவர். மகப்பேறு விரும்புவார்க்கு லெட்ரஸோல் என்னும் மாத்திரை இக்காலத்தில் முதலிடம் பெற்றுள்ளது. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், பழைய குளோமிபீன் உண்டவருள் நூற்றுக்கு 19.1 பேரும், லெட்ரஸோல் உண்டவருள் 27.5 பேரும் குழந்தை பெற்றனர். மனச்சோர்வும் கவலையும் இந்நோயினரிடத்தே மிகுதி. அவற்றையும் நோயின் பகுதியாகவே கருதி வினவுதல் வைத்தியர் கடன்.

ஆயுர்வேத நூல்களில் இந்நோய்க்கு நேரான ஒரு பெயர் இல்லை. அறிகுறிகளை நோக்கி, ஆர்த்தவக்ஷயம், நஷ்டார்த்தவம் முதலியவற்றோடு இதனை வைத்து இக்காலத்து ஆயுர்வேத வைத்தியர் எண்ணுவர். மாதவிலக்கு நின்றவளுக்கு மீன், கொள்ளு, எள், உளுந்து, புளிப்புப் பொருள் முதலியவற்றைச் சுசுருதர் விதிக்கின்றார். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டும் நம் வழக்கம் நினைவுக்கு வருகின்றதன்றோ! ஆயின் இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருப்பட்டியும் நெய்யும் பெய்த களி மெலிந்த பெண்ணுக்கு ஆகலாம். இன்ஸுலின் மிகுந்து உடல் பருத்தவளுக்கு அது தீங்கு. பருத்தவர்க்கு உண்டி நிறைவு தரவேண்டும், ஊட்டம் மிகலாகாது என்று சரகரும் கூறுகின்றார். நீரிழிவைச் சேர்ந்த பிரமேக நோய்க்கு அவர் சொல்லும் காரணங்களுள் ஓரிடத்திலேயே இனிதாக அமர்ந்திருத்தலும் ஒன்று. தறிக்குழியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளப் பெண்ணிடம், 'நீ இனிதாக அமர்ந்திருக்கின்றாய்' என்றால் அவள் நகைப்பாள். முதுகு நோவ உழைத்தும் நடை என்பது அவளுக்கு வாய்ப்பதில்லை. அவளுக்கு வேண்டுவது மேலும் உழைப்பன்று, வேறுவகை அசைவு.

காஞ்சனார குக்குலு, அசோகாரிஷ்டம் முதலிய மருந்துகளை ஆயுர்வேத வைத்தியர் கையாளுகின்றனர். சிலருக்கு இவற்றாற் பயன் கண்டதாகக் கூறுவர். ஆயினும் லெட்ரஸோலை ஆராய்ந்தது போன்ற பெருஞ்சோதனைகள் இவற்றுக்கு நடைபெறவில்லை. மூலிகை என்பதனால் ஒரு மருந்தை இகழ்வதும் பேதைமை. மெட்பார்மினுக்கு மூலம் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்னும் செடியே. அதன் சத்தினின்று கிளைத்த பொருளை 1957ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜான் ஸ்டெர்ன் நீரிழிவுக்கு ஆண்டு காட்டினார். செடி மருந்தானது, அளந்தும் சோதித்தும் பார்த்தபின். சோதியாது உண்பதில் வேறோர் அச்சமும் உண்டு. பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, 14இல் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. ஆதலின் பதிவு பெற்ற வைத்தியரிடமே செல்க. உரிம எண்ணும் சேர்பொருளும் அச்சிடாத மருந்தை வாங்கற்க. இருவகை வைத்தியரிடத்தும் மற்றவர் தந்த சீட்டைக் காட்டுக. கருவுற விழைவோரும் கருவுற்றோரும் உலோகம் சேர்ந்த மருந்துகளை அறவே தவிர்த்தல் நன்று.

குழந்தை பிறந்தவுடன் இந்நோய் தீர்ந்தது என்று எண்ணுவதைப் பற்றி முன்னரே குறித்தோம். இந்நோயுடைய பெண்ணுக்குக் கருவுற்ற காலத்திலும் அதற்குப் பின்னும் நீரிழிவு வருதற்கு வாய்ப்பு மிகுதி. இவ்வகையில் நம் மாகாணம் முன்னின்றது. சென்னை வைத்தியர் வீ. சேஷய்யா போன்றாரின் முயற்சியால், கருவுற்ற பெண்கள் அனைவர்க்கும் நீரிழிவுச் சோதனை செய்யும் முறை 2007ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. 75 கிராம் குளுகோஸைத் தண்ணீரிற் கரைத்துக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரங்கழித்து இரத்தத்தைப் பார்ப்பர். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். வெறுவயிற்றோடு வரவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. கருவுறாத காலத்திலோ, சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர், இதே அளவு குளுகோஸை வெறுவயிற்றிற் குடித்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயதாகியும், பேரன் பிறந்தபின்னும், தறியை ஒரு காலைப்பொழுது நிறுத்திவிட்டு அவள் அதற்குப் போய்வர வேண்டும். வீட்டார் அவளைப் போகவிட வேண்டும்.