போன் பில்லும் வரிக் கணக்கும்

கேள்வி: தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே போஸ்ட்பெய்டு இணைப்பு வாங்கியவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். பில்லில் எந்த வரி போடுவது?
– வாசகி, வேலூர்

பதில்: உங்கள் பதிவேட்டில் உள்ள பில் முகவரிதான் கணக்கு. அவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதை ஐஜிஎஸ்டி சட்டத்தின் 12(11) பிரிவு கேட்பதில்லை. கர்நாடக முகவரி கொடுத்துவிட்டார் என்றால், தமிழ்நாட்டுப் பதிவிலிருந்து போகும் பில்லில் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி. ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரித்துப் போடக் கூடாது.

இந்த விஷயத்தில் நிறுவனங்கள் காட்டும் அலட்சியம் என்னால் தாங்க முடியாத ஒன்று. வாடிக்கையாளர் கால் சென்டரில் சொல்லி முகவரியை மாற்றுகிறார். அங்கே மாறிவிடுகிறது. பில்லிங் மென்பொருளில் மட்டும் 33 என்ற பழைய மாநிலக் குறியீடு 29 ஆகாமல் அப்படியே கிடக்கிறது. தனிநபர் பில்கள் சின்னத் தொகைகள்; ஜிஎஸ்டிஆர்-1இல் ஒவ்வொன்றாகப் போகாமல் அட்டவணை 7இல் மொத்தமாகத் திரண்டுவிடும். பிறகு யார் கண்ணிலும் படாது. தெரியவந்தால் ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதை இரண்டு ஆண்டுக்குள் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கட்ட வேண்டாம், பயப்படாதீர்கள். ஆனால் அலைச்சல் உண்டு. மாதாமாதம் ரிட்டர்னுக்கு முன்னால், முகவரி மாற்றக் கோரிக்கைப் பட்டியலை வாங்கிக் குறியீட்டோடு ஒத்துப் பாருங்கள். "தானாக மாறிவிடும்" என்று மென்பொருள்காரர் சொன்னால், மாறிய பில்லை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தொலைத்தொடர்பு நிறுவனம் அரசுக்கு ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணத்தை அந்தந்த ஆண்டின் செலவாகக் காட்டலாமா?
– சி.ஏ. மாணவர், கோவை

பதில்: கூடாது. 1999 தொலைத்தொடர்புக் கொள்கைப்படியான ஆண்டுக் கட்டணமும் மூலதனச் செலவே என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்த்துவிட்டது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 35ஏபிபி பிரிவின்படி, உரிமத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழியுங்கள். பழைய கைடைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: சிறிய இணைய நிறுவனம் நடத்துகிறேன். இந்த மாதம் விற்பனையும் இல்லை, கொள்முதலும் இல்லை. ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் போட வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: போட வேண்டும். எஸ்எம்எஸ்ஸிலேயே போடலாம்.

கேள்வி: சிம், ரீசார்ஜ் விநியோகம் செய்கிறேன். கம்பெனி தரும் தள்ளுபடியில் இப்போது டிடிஎஸ் பிடிப்பதில்லை. அப்படியானால் எனக்கு வரி இல்லைதானே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: யார் சொன்னது? உச்ச நீதிமன்றத்தின் 2024 பிப்ரவரித் தீர்ப்பு, அதே வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவில் பிடித்தம் செய்யும் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை என்றது. அவ்வளவுதான். உங்கள் லாபம் உங்கள் வருமானம். முன்பு பிடித்த தொகை 26ஏஎஸ்ஸில் தெரியும். இனி நீங்களே நோட்டில் எழுதி, முன்வரியும் கட்ட வேண்டும்.