கூரையில் கவிழ்த்த கிண்ணம்: தீ எச்சரிக்கைக் கருவியைத் தெரிந்துகொள்வோம்



ஆயக்குடியில் நடந்த ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வரவு வைத்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு அக்கா கேட்டார்: "மேடம், நான் வேலை பாக்குற ஆஸ்பத்திரியில ரூமுக்கு ரூம் மேல, வெள்ளையா கிண்ணத்தைக் கவுத்து வச்ச மாதிரி ஒண்ணு இருக்கே. அது கேமராவா? நாம பேசுறதெல்லாம் அதுக்குக் கேக்குமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "பெயின்ட் அடிக்க வந்தவங்க அது மேலயெல்லாம் பாலிதீன் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டு விட்டாங்க. அவங்க போயி ரெண்டு மாசமாச்சு. கவர் இன்னும் அப்படியேதான் இருக்கு. கழட்டுன்னும் யாரும் சொல்லல, வேணாம்னும் சொல்லல."

அது கேமரா இல்லை. புகையைக் கண்டுபிடிக்கும் கருவி. ஆங்கிலப் பெயரையே தமிழில் 'ஸ்மோக் டிடெக்டர்' என்று சொல்கிறார்கள். அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் விளக்க முடிந்தது. மீதியை இந்த இதழில் எழுதுகிறோம். நம் உறுப்பினர்கள் பலர் பழனியில் லாட்ஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். நம் பெண் பிள்ளைகள் மில் விடுதியிலும் காலேஜ் ஹாஸ்டலிலும் தங்கியிருக்கிறார்கள். முதலாளியும் மேனேஜரும் நுழையாத அறைக்குள்ளும் துடைப்பத்தோடு போகிறவர்கள் நாம். அதனால் இதை நாம்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. குறைந்தது 6 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் உண்டு. லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை மீட்புப் படையினர் வெளியே கொண்டு வந்தார்கள். அதற்குச் சரியாக மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 12 விடியற்காலையில், மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து, குறைந்தது 2 பெண்கள் இறந்தார்கள். இரண்டுமே நமக்குப் பக்கத்து ஊர்கள். திண்டுக்கல்லுக்கு நாம் வாராவாரம் பஸ் ஏறுகிறோம்.

தீ விபத்து என்றால் உடம்பில் நெருப்புப் பட்டு இறப்பது என்றுதான் நினைக்கிறோம். மாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் முதலில் ஆளைக் கொல்வது புகை. பிளாஸ்டிக், மெத்தை, வயர் எரிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூங்குகிறவர் மூச்சோடு உள்ளே இழுத்தால் விழிக்காமலே மயங்கிப் போவார். கீழ்த்தளத்தில் தீ, மூன்றாவது மாடியில் ஆள் என்றாலும், மாடிப்படியும் லிஃப்ட் குழியும் புகைபோக்கி மாதிரி புகையை மேலே இழுத்துவிடும். நெருப்பு மேலே வர நேரமாகும், புகை சில நிமிடத்தில் வந்துவிடும். அந்தச் சில நிமிடத்தை நமக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பதுதான் இந்தக் கருவியின் வேலை.

கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

ஓட்டு வீட்டில் சந்து வழியாக வெயில் கம்பி மாதிரி உள்ளே விழும்போது, அதில் தூசி பறப்பது தெரியும் இல்லையா? அடுப்பு மூட்டினால் அந்த வெயில் கம்பி இன்னும் பளிச்சென்று தெரியும். ஏனென்றால் புகைத்துகள் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. கருவிக்குள்ளும் இதேதான். வெளி வெளிச்சம் புகாத ஒரு குட்டி இருட்டறை. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும் ஒரு விளக்கு. அந்த ஒளி நேராக விழாத இடத்தில், சற்று ஒதுங்கி, ஒரு மின்கண். காற்று சுத்தமாக இருந்தால் மின்கண்ணுக்கு வெளிச்சமே எட்டாது. புகை நுழைந்தால் ஒளி சிதறி அதன் மேல் படும். உடனே அதற்குத் தெரிந்துவிடும்.

"அப்ப சமையக்கட்டுல வச்சா தாளிக்கிற போதெல்லாம் கத்துமே?" என்று இன்னொருவர் கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் சமையலறையில் புகைக் கருவிக்குப் பதில் வெப்பத்தை அறியும் கருவியை வைப்பார்கள். சாதாரணமாக 57, 60 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால், அல்லது திடீரென்று வேகமாக ஏறினால்தான் அது எச்சரிக்கும். இது தவிர நடைபாதையிலும் படிக்கட்டுப் பக்கத்திலும் சிவப்புப் பெட்டி ஒன்று கண்ணாடியோடு இருக்கும். தீயை நாமே பார்த்துவிட்டால் அந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும், சில வகையில் அழுத்தினால் போதும். அதைத் தொட்டால் திட்டுவார்களோ என்று பயப்படத் தேவையில்லை. நெருப்பைக் கண்ட யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண்

பழைய முறையில், ஒரு மாடியில் உள்ள இருபது கருவிகளையும் ஒரே கம்பியில் கோர்த்திருப்பார்கள். எது புகையைப் பார்த்தாலும், கீழே காவலர் அறையில் உள்ள பெட்டியில் 'இரண்டாவது மாடி' என்று ஒரு விளக்கு மட்டும் எரியும். அந்தப் பெட்டியைப் 'பேனல்' என்பார்கள். யாராவது மேலே ஓடிப்போய் ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். கடிதத்தில் 'புது ஆயக்குடி' என்று மட்டும் எழுதிப் போட்டால் தபால்காரர் எப்படித் தெருத்தெருவாக விசாரிப்பார், அந்தக் கதைதான். ராத்திரி நேரம், ஒரே ஒரு காவலர், பூட்டிய அறைகள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

புது முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. 'அட்ரஸபிள்' என்கிறார்கள், அதாவது முகவரி உள்ளது. சில கம்பெனிக் கருவியில் அடித்தட்டில் உள்ள குட்டி சுவிட்சுகளை மாற்றி எண் வைப்பார்கள். சிலவற்றில் கையில் பிடிக்கும் ஒரு மெஷினால் எண்ணைப் பதிவு செய்வார்கள். 37-ஆம் எண் எந்த அறை என்பதைப் பேனலில் எழுதி வைத்துவிட்டால், புகை வந்தவுடன் 'இரண்டாவது மாடி, ஸ்டோர் ரூம்' என்று எழுத்திலேயே காட்டும். தேடுகிற வேலை இல்லை.

ஒரே கம்பியில் இருந்துகொண்டு எப்படித் தனித்தனியாகப் பேசுகின்றன? நம் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊக்குநர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார், அவரவர் முறை வந்ததும் 'இருக்கேன்' என்கிறார்கள். பேனலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்த எண்ணுக்குரிய கருவி மட்டும் பதில் சொல்லும். ஒரு சுற்று சில நொடியில் முடிந்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கும். இரவு பகல் ஓய்வு கிடையாது. ஒரு எண் பதில் சொல்லவில்லை என்றால் 'இந்த எண்ணில் கோளாறு' என்று மஞ்சள் விளக்கு எரியும். இரண்டு கருவிக்குத் தவறி ஒரே எண் வைத்துவிட்டால் அதையும் கண்டுபிடித்துக் காட்டும். இரண்டு பேருக்கு ஒரே பாஸ்புக் நம்பர் போட்டால் நம் கணக்காளர் விடுவாரா!

பல கருவிகள் 'இருக்கேன்' என்பதோடு நிற்காமல், காற்று எப்படி இருக்கிறது என்று ஒரு அளவும் சொல்லும். ஒரு வகையில் சுத்தமான காற்றுக்கு 25, தீ எச்சரிக்கைக்கு 55. நடுவில் 45-க்கு வந்தாலே 'போய்ப் பாருங்கள்' என்று முன்னெச்சரிக்கை வரும். தூசி படிந்து அளவு மெல்ல மெல்ல ஏறினால், இது புகையில்லை, அழுக்கு என்று பேனல் பிரித்து அறிந்து, துடைக்கச் சொல்லும்.

கம்பியையும் ஒரு வளையமாகப் போட்டிருப்பார்கள். பேனலில் கிளம்பி எல்லாக் கருவியையும் தொட்டு மறுபடி பேனலுக்கே வந்து சேரும். நடுவில் ஓர் இடத்தில் எலி கடித்து அறுந்தாலும், இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட முடியும். ஒரு வளையத்தில் நூறுக்கு மேல், சில கம்பெனியில் இருநூறுக்கும் மேல் கருவிகளை இணைக்கலாம். கரண்ட் போனால் பேனலுக்குள் உள்ள பேட்டரி ஓடும். தீ உறுதியானதும் மணியை அடிப்பது மட்டுமல்ல, லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கி நிறுத்துவது, ஏசி காற்றை நிறுத்துவது, பூட்டு விட்டுக் கதவைத் திறப்பது என்று இணைத்து வைத்த வேலைகளையும் பேனலே செய்யும்.

யோசனை என்னவோ பழசுதான். 1852-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் தெருவுக்குத் தெரு தீ அறிவிப்புப் பெட்டி வைத்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பெட்டியின் எண் தந்திக் கம்பி வழியாகத் தலைமை நிலையத்துக்குப் போகும், எந்தத் தெருவில் தீ என்று தெரிந்துவிடும். அன்று தெருவுக்கு ஓர் எண், இன்று அறைக்கு ஓர் எண்.

கவர் மாட்டினால் என்ன ஆகும்?

இப்போது அந்த அக்காவின் பாலிதீன் கவருக்கு வருவோம். கவர் மாட்டிய கருவியைப் பேனல் கூப்பிட்டால் அது பதில் சொல்லும். 'இருக்கேன், காற்று சுத்தமாக இருக்கிறது' என்றே சொல்லும். கவருக்குள் சுத்தமான காற்றுதானே இருக்கிறது! பேனலில் பச்சை விளக்கு. அதிகாரி வந்து பார்த்தாலும் பச்சை விளக்கு. அறை முழுக்கப் புகை சூழ்ந்தாலும், கவர் உருகும் வரைக்கும் பச்சை விளக்கு. கம்பி அறுந்தால் சொல்லத் தெரிந்த மெஷினுக்கு, தன் கண்ணைக் கட்டியிருப்பதைச் சொல்லத் தெரியாது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற மனுஷிக்குத்தான் அது தெரியும்.

பெயின்ட் தூசி உள்ளே போகக் கூடாது என்று வேலை நேரத்தில் மூடுவது தப்பில்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் பேனலில் நிறுத்தி வைத்து, வேலை முடிந்த அன்றைக்கே கவரைக் கழற்றி மறுபடி போட வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும் வரை பேனலில் அதற்கென்று விளக்கு எரிந்து ஞாபகப்படுத்தும். முழுக் கட்டடத்தையும் அணைத்து வைக்க வேண்டியதே இல்லை. முகவரி முறையில் இது பெரிய வசதி.

இன்னொரு கெட்ட பழக்கமும் பார்க்கிறோம். ஆயுத பூஜைக்குச் சாம்பிராணி போட்டால் மணி அடிக்கும். ஓடிப்போய் அமர்த்துவார்கள். நாலு தடவை இப்படி ஆனதும், "இது சும்மா கத்தும்" என்று மணியையே நிறுத்தி விடுவார்கள். ஐந்தாவது தடவை நிஜத் தீ என்றால்? எண் இருக்கும்போது இதற்கு வழி சுலபம். எந்த எண் திரும்பத் திரும்ப அடிக்கிறது என்று பேனல் தேதி, மணியோடு பதிந்து வைத்திருக்கும். அந்த ஒன்றுக்குள் தூசியோ பூச்சியோ இருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்தால் போதும். இதைக் கம்பெனி ஆள் செய்ய வேண்டும். நாம் ஈரத்துணியால் துடைக்கவோ தண்ணீர் அடிக்கவோ கூடாது. ஒட்டடைக் கம்பால் இடிப்பதும் கூடாது.

அறையின் உபயோகத்தை மாற்றும்போது பேனலில் பெயரையும் மாற்ற வேண்டும். போன வருஷம் வார்டு, இந்த வருஷம் ஸ்டோர் ரூம் என்றால், பேனல் பழைய பெயரையே காட்டி ஆளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடும்.

மணி அடித்தால் நாம் என்ன செய்வது? பேனல் பக்கத்தில் இருந்தால் எந்த அறை என்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தனியாகப் போய்ப் பார்க்காதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காதீர்கள். புகை இருந்தால் தரையோடு குனிந்து வெளியேறுங்கள். மாடிப்படிதான், லிஃப்ட் கூடவே கூடாது. வெளியே வந்ததும் 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள், காயம் பட்டவர்களுக்கு 108.

கருவி இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டோம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக்கூரையும் குறுகலான படிக்கட்டும் இருக்கிற இடத்தில் மணி மட்டும் என்ன செய்யும்? வெளியே போக வழி இருக்க வேண்டும். பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கும்போது ஃபீஸ், சாப்பாடு கேட்கிறோம். கூடவே இரண்டாவது படிக்கட்டு எங்கே, ராத்திரியில் கேட்டுச் சாவி யாரிடம் இருக்கும், மேலே கருவி இருக்கிறதா, அதை எப்போது சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். வார்டன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்த அக்கா மறுவாரம் நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மெயின்டனன்ஸ் பார்ப்பவர் முதலில், "உனக்கு எதுக்கு இந்த வேலை, கூட்டுறதைப் பாரு" என்றாராம். நர்ஸம்மா விடவில்லை. ஏணி கொண்டு வந்து 14 கவர்களைக் கழற்றினார்கள். ஒன்று மட்டும் பாக்கி. அது பழைய மெத்தைகளைப் போட்டுப் பூட்டிய அறை, சாவி ஆபீசில். "காலையில கையெழுத்துப் போடப் போறப்ப எல்லாம் அந்தச் சாவியைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் மேடம்" என்று சொன்னார்.