சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்

திருவண்ணாமலையில் பிள்ளையை எந்த அரசுப் பள்ளியில் சேர்ப்பது? மே மாதம் ரிசல்ட் வந்ததும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டுவார்கள். அசந்துவிடாதீர்கள். 20 பேர் எழுதி 20 பேரும் தேறினாலும் நூறுதான். 300 பேர் எழுதி 276 பேர் தேறினால் 92தான். இரண்டாவது பள்ளியின் உழைப்பு குறைவா என்ன?

முதலில் கேட்க வேண்டியது: போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? நடுவே பலர் காணாமல் போயிருந்தால் காரணம் கேளுங்கள். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் போதும் என்பதால், கணக்கிலும் அறிவியலிலும் 80க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்றும் விசாரியுங்கள். ஒரு வருடம் போதாது, மூன்று வருடம் பாருங்கள்.

மாநில ரேங்க் பட்டியல் 2017லேயே நின்றுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்போடு சரி. பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளி தேட வேண்டும். அப்போது கவனம்: மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தான், அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடையாது.