களா விதையைக் காயவிடாதீங்க!

கப்பலூர் பக்கம் எங்க நிலம் கரிசல். சுற்றிலும் ஆடு மேயும் பூமி. வெள்ளாமை போட்டால் பாதி நமக்கு, பாதி ஆட்டுக்கு. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி வேலி போட வசதியில்லை. களாவில் உயிர்வேலி போட்டால் வேலிக்கு வேலி, பழத்துக்குப் பழம். ஆனால் வரப்பு நீளத்துக்கும் நாற்று வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டிலேயே விதை போட்டு வளர்க்க இறங்கினேன்.

முதல் வருசம் தோற்றுப்போனேன். ஆவணியில் எடுத்த விதையை நெல் விதை மாதிரி நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து எடுத்து வைத்தேன். தை மாதம் விதைத்தேன். ஒன்றிரண்டு தவிர எதுவுமே முளைக்கவில்லை. பழம் விற்ற அப்பத்தாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "ஏய்யா, களா விதை என்ன நெல்லா? ஈரம் காயுறதுக்குள்ள மண்ணுக்குப் போகணும்யா" என்றார்.

விசயம் அவ்வளவுதான். களா விதைக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். பழம் கிடைக்கும் ஆடி, ஆவணியிலேயே விதைத்துவிட வேண்டும்.

நான் இப்போது செய்யும் முறை:

1. ஊறுகாய்க்கு வாங்கும் பச்சைக் காய் விதைக்கு ஆகாது. கருநீலமாகக் கனிந்த பழமாக வாங்குங்கள். பல செடிகளின் பழம் கலந்திருந்தால் நல்லது.

2. பழத்தைப் பிசைந்து, பாலும் சதையும் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். மிதக்கும் விதையைத் தள்ளிவிடுங்கள். நிழலில் ஒருநாள் உலர்த்தினால் போதும்.

3. செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சமபங்கு கலந்து பையில் நிரப்புங்கள். கரிசலை மட்டும் நிரப்பினால் தண்ணீர் கட்டி விதை அழுகும். ஆணிவேர் இறங்குகிற செடி என்பதால் பை ஆழமாக இருக்கட்டும். அடியில் ஓட்டை அவசியம்.

4. பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம். வேப்பமர நிழலில் வைத்துப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். எனக்கு மூன்றாவது வாரம் முளை தெரிந்தது. எல்லாம் ஒரே நாளில் வராது, பொறுமை வேண்டும்.

5. நாலு இலை வந்ததும் நல்ல கன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கிறேன்.

களா மெதுவாக வளரும். அதனால் ஒரு வருசம் பையிலேயே வளர்த்து, அடுத்த புரட்டாசி மழைக்கு நடுங்கள். வேலிக்கு 3 அடி இடைவெளி போதும். முள் முற்றும்வரை ஆடு கடிக்கும். நான் இரண்டு வருசம் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டுக் காத்தேன். விதைக் கன்று காய்க்க மூன்று, நான்கு வருசம் ஆகும். பழத்தின் நிறமும் அளவும் செடிக்குச் செடி மாறும். வேலிக்கு அதனால் குறையில்லை. ஒரே மாதிரி பழம் வேண்டுமென்றால் பதியம் போடுங்கள்.

'பெர்ரி' என்றதும் சிலர் ஸ்ட்ராபெர்ரி விதைப் பாக்கெட் வாங்குகிறார்கள். மலைக்காட்டில்கூட அதை ஓடுதண்டில்தான் பெருக்குகிறார்கள். புளூபெர்ரிக்குப் புளிப்பு மண் வேண்டும், நம்ம கரிசல் அதற்கு நேர் எதிர். தாவரவியல் கணக்கில் களாவும் மணத்தக்காளியும்தான் உண்மையான பெர்ரி. ஸ்ட்ராபெர்ரிக்குப் பெயர் மட்டும்தான்!

புதிதாகத் தொடங்குபவர்கள் மணத்தக்காளியில் கை பழகுங்கள். அந்த விதையைக் காயவைத்தும் சேமிக்கலாம். களாவுக்கு மட்டும் அப்பத்தா சொன்னதை மறக்காதீங்க.