அளவே மருந்து

தமிழ்நாட்டில் இறைச்சிக்கோழி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற ஊர் பல்லடம். அங்குள்ள பண்ணைகளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள், நெல் உமியோ தென்னைநார்க் கழிவோ பரப்பிய தரையில் ஒன்றாக வளர்கின்றன. இப்பரப்பினை ஆழ்கூளம் என்பர்.

கூளம் ஈரமானால், ஐமீரியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி அதன்வழி எளிதில் பரவும். கோழி கூளத்தைக் கொத்தும்போது அது உடலினுள் புகுந்து குடலைப் புண்ணாக்கும். குருதி கலந்த கழிச்சலால் குஞ்சுகள் மெலிந்து மடியும். இந்த இரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கத் தீவனத்திலேயே மருந்து கலக்கப்படுகிறது. அத்தகைய மருந்துகளுள் ஒன்று மொனென்சின்.

ஆயிரம் கிலோ தீவனத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் மொனென்சின் போதும். இச்சிறிய அளவை அத்துணைப் பெரிய குவியலில் சீராகப் பரப்புவது எளிதன்று. ஆகவே முதலில் மருந்தைச் சிறிதளவு தீவனத்துடன் நன்கு கலந்து, அக்கலவையைப் பின்னர் முழுத் தீவனத்துடன் சேர்ப்பர். கலவை சீராக அமையாவிடில் சில கோழிகளுக்கு மருந்து கிட்டாது; சிலவற்றுக்கோ மிகையாகும். ஒருமுறை சேர்த்ததை மறந்து மீண்டும் சேர்த்தால், கேடு கூட்டம் முழுமைக்கும் வரும்.

மிகையான மொனென்சின், உயிரணுக்களுக்குள் சோடியத்தை அளவின்றிப் புகச்செய்யும். அதனால் இதயமும் கால் தசைகளும் பழுதுறும். கோழி இரை எடுக்காது, நடக்க இயலாமல் கால்களைப் பின்னே நீட்டிப் படுத்துவிடும், இறக்கவும் நேரும். இந்நஞ்சுக்கு மாற்றுமருந்து இல்லை. அத்தீவனத்தை உடனே நிறுத்துவதே முதற்கடமை.

அளவு சரியாக இருந்தும் தீங்கு நேர்வதுண்டு. மூச்சுநோய்க்குத் தரப்படும் தியாமுலின் என்னும் மருந்து, கல்லீரல் மொனென்சினைச் சிதைத்து வெளியேற்றுவதைத் தடுக்கும். இரண்டையும் ஒருசேரக் கொடுத்தால், நோய் தடுத்த மருந்தே நஞ்சாகும். மேலும், கோழிக்கு நலம் செய்யும் அதே தீவனம் குதிரையைக் கொல்லக்கூடும். குதிரை மொனென்சினைச் சிறிதளவும் தாங்காது.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகையால் தீவன மூட்டையில் உள்ள சீட்டைப் படித்தறிந்த பின்னரே மூட்டையைப் பிரித்தல் வேண்டும். பண்ணைகளில் பிற மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போரும் உளர். சீட்டில் உள்ள மொழி அவர்கள் அறியாததாக இருக்கலாம். படிக்கத் தெரிந்தவர் அதனை அவர்களுக்கு எடுத்துக் கூறுதலும் உயிர் காக்கும் பணியே ஆகும்.

அருஞ்சொற்பொருள்
கூளம் – உமி, வைக்கோல் துண்டு முதலியன
மடிதல் – இறத்தல்
மிகை – அளவுக்கு மேற்பட்டது
உளர் – இருக்கின்றனர்

பயிற்சி
1. மருந்தை முதலில் சிறிதளவு தீவனத்துடன் கலப்பது ஏன்?
2. சரியான அளவில் கலந்த மொனென்சினும் நஞ்சாவது எப்போது?
3. பாடத்தில் கூறிய அளவுப்படி, 250 கிலோ தீவனத்துக்கு எத்தனை கிராம் மொனென்சின் வேண்டும்?
4. உங்கள் வீட்டில் உள்ள மருந்துப் பெட்டி ஒன்றின் மீதுள்ள செய்தியைப் படித்து, அதைப் பாட்டிக்குத் தமிழில் கூறுவதுபோல் ஐந்து வரிகளில் எழுதுக.